ஒன்பது தோல்விக்கு ஒரு வெற்றி

மெத்தை என்று அவருக்குப் பெயர் வைத்தது யார் என்று யாருக்கும் நினைவில்லை. காரணம் மட்டும் எல்லோருக்கும் தெரியும். வளர வேண்டிய குத்துச்சண்டைப் பிள்ளைகளை அவர் மேல் ஏற்றிவிடுவார்கள். பிள்ளைகள் நான்கு ரவுண்டு சொகுசாகக் குத்திவிட்டு, கையைத் தூக்கிக் காட்டி, அப்பா அம்மாவோடு போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். மெத்தை வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்குவார்.

அவருடைய கணக்கு பதினொரு வெற்றி, நூற்றெட்டுத் தோல்வி. இதைக் கேட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பவர்கள் குழம்பிப்போவார்கள். பெற்றவள் கொடுத்த மூக்கு கொடுத்தபடியே இருந்தது. காதுகள் இரண்டும் காதுகளாகவே இருந்தன. நூற்றெட்டு முறை தோற்ற அந்த முகத்தில் இருந்த ஒரே தழும்பு சவரம் செய்யும்போது வந்தது.

தோற்பது எளிது என்று நினைப்பவர்கள் தேர்வில் மட்டும் தோற்றவர்கள். மெத்தையின் தொழில் வேறு. ஜெயித்தால் அடுத்த சண்டைக்குக் கூப்பிட மாட்டார்கள். அடிபட்டு விழுந்தால் டாக்டர் ஒரு மாதம் ஓய்வு எழுதிவிடுவார், அப்போதும் கூப்பிட மாட்டார்கள். ஆக, தோற்கவும் வேண்டும், அடியும் படக்கூடாது, பட்ட மாதிரி தெரியவும் வேண்டும். இதற்கெல்லாம் கோப்பை கிடையாது.

இதில் நான்காவதாக ஒரு வேலை உண்டு. வளரும் பிள்ளைகளில் பாதிப் பேர் தலையைக் காவல் இல்லாமல் கொண்டுவந்து மெத்தையின் கிளவுஸில் தாங்களாகவே மோதிக்கொள்வார்கள். கால் தள்ளாடும், கண் சொருகும். அந்த நேரத்தில் மெத்தை பாய்ந்து போய் அவனை இரண்டு கையாலும் அணைத்து, நடுவர் வந்து பிரிக்கும்வரை நிமிர்த்தி வைத்திருக்க வேண்டும். பார்ப்பவர்களுக்கு மெத்தைதான் சோர்ந்துபோய்த் தொங்குவதாகத் தோன்றும். உண்மையில் அவர் பையனின் காதோடு பேசிக்கொண்டிருப்பார்: "மூச்ச விடுறா. தரையப் பாக்காத, என் தோளப் பாரு. ஆங், அப்படித்தான். இப்ப என்னைத் தள்ளிவிட்டுட்டு வயித்துல குத்து."

பையன் தள்ளிவிட்டு வயிற்றில் குத்துவான். சபை விசில் அடிக்கும்.

இப்படி நின்று வளர்ந்தவர்களில் முக்கியமானவன் இளஞ்சிங்கம். டைல்ஸ் கம்பெனி முதலாளியின் மகன். பன்னிரண்டு சண்டை, பன்னிரண்டு வெற்றி. ஐந்து மெத்தையிடம், நான்கு ஒட்டடையிடம், மிச்சம் மூன்று தாமாகவே விழும் வயதில் இருந்தவர்களிடம். ஒட்டடை என்பவர் மெத்தையைப் போலவே இன்னொரு தோற்கும் தொழிலாளி. ஒட்டடைக்குச்சி மாதிரி உயரம், கையும் அவ்வளவு நீளம். அந்தக் கையை முழுதாக நீட்டியதை யாரும் பார்த்ததில்லை.

குத்துச்சண்டைச் சங்கத்தில் ஒரு விதி இருந்தது. தொடர்ந்து பத்துச் சண்டை தோற்றவரின் லைசென்ஸ் ரத்து. வீரரின் பாதுகாப்புக்காகவாம். அப்படி ரத்தானவர் பிறகு பயிற்சியாளர் ஆகவும் முடியாது, அடுத்தவன் மூலையில் தண்ணீர் பாட்டிலோடு நிற்கவும் முடியாது. எனவே ஒன்பதாவது தோல்வி முடிந்ததும் பிரமோட்டர் எங்கிருந்தாவது ஒரு கொழுகொழு ஆளைப் பிடித்துவந்து மெத்தையை ஒரு தடவை ஜெயிக்கவிடுவார். தொழிலில் இதற்கு 'மூச்சு' என்று பெயர். நீச்சல்காரன் தலையைத் தூக்கி ஒரு வாய் காற்றை இழுப்பது போல. பிறகு மறுபடி முகம் தண்ணீருக்குள்.

இந்த முறை மூச்சு வாங்கியதும் மெத்தை விலகிவிடுவதாக இருந்தார். ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் குத்துச்சண்டை சொல்லித்தர ஆள் தேடினார்கள். லைசென்ஸ் உயிரோடு இருக்கும்போதே விலகினால் பயிற்சியாளர் சான்று கிடைக்கும். ஒரே ஒரு வெற்றிதான் பாக்கி.

அந்த வெற்றிக்குப் பிரமோட்டர் போட்டுக்கொடுத்த எதிராளி ஒட்டடை. அவருக்கும் அப்போது தொடர்ந்து ஒன்பது தோல்வி.

*

பிரமோட்டர் ஆபீஸ் டயர் கடைக்கு மாடியில் இருந்தது. படியேறும்போதே ரப்பர் வாடை தொண்டையில் உட்கார்ந்துகொள்ளும். மெத்தையும் அவருடைய மச்சினரும் போனபோது பிரமோட்டர் மேஜை மேல் காலை வைத்துக் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். மச்சினர் பிளம்பர். சண்டை நாட்களில் மெத்தையின் மூலையில் நிற்பவரும் அவர்தான். அன்றாடம் மற்றவர்களின் சாக்கடையில் கை விடுபவர். அந்த அறைக்குள் வந்ததும் அவரே கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ரெண்டு பேருக்கும் மூச்சு வேணும்," என்றார் பிரமோட்டர். "தனித்தனியா ஆள் பிடிச்சா எனக்கு ரெண்டு செலவு. ஒரே மேடைல ஏத்திட்டேன். எப்படியும் ஒருத்தர் ஜெயிப்பீங்கல்ல? ஒரே கல்லுல ரெண்டு மாங்கா."

"ரெண்டு மாங்காயும் ஒண்ணோட ஒண்ணு மோதி, ஒண்ணு நசுங்குதேய்யா," என்றார் பிளம்பர்.

"மாங்கான்னா நசுங்கத்தான் செய்யும்."

மெத்தை மெதுவாகக் கேட்டார். "சமன்னு அறிவிச்சுட்டா ரெண்டு பேருக்கும் கணக்கு உடைஞ்சிடும். நடுவர்கிட்ட ஒரு வார்த்தை..."

"சமன்ங்கறதையே விதியிலருந்து எடுத்தாச்சேப்பா, போன வருஷமே. ரசிகர்களுக்குத் திருப்தி இல்லையாம்." ஒரு நகம் தெறித்து மெத்தையின் சட்டையில் ஒட்டியது. பிரமோட்டர் பார்த்தார். மன்னிப்புக் கேட்கவில்லை. மெத்தையும் தட்டிவிடவில்லை. பிளம்பர்தான் இரண்டு விரலால் எடுத்து, எங்கே போடுவது என்று தெரியாமல் அதை மேஜை மேலேயே திருப்பி வைத்தார்.

"கவலப்படாத," என்றார் பிரமோட்டர். "சும்மா நிஜமாவே சண்டை போடுங்களேன். ஒரு மாறுதலுக்கு."

*

மெத்தையின் மனைவி பள்ளிச் சீருடை தைப்பவர். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு சண்டைக்கும் போனதில்லை. 'கட்டின புருஷன் அடி வாங்குறத டிக்கெட் கிழிச்சுட்டு உள்ள போய்ப் பாக்கணுமா? த்தூ!' என்பது அவருடைய நிரந்தர அபிப்பிராயம். தம்பி வந்து விஷயத்தைச் சொன்னபோது தையல் மிஷினை நிறுத்தவில்லை. பாவாடை ஓரம் ஒன்றை முடித்து, நூலைப் பல்லால் கடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"அப்ப இது நெசமான சண்டையா?"

"நெசந்தான்க்கா."

"இவர் ஜெயிக்கணும்னு ஆசப்பட்டு அடிப்பாரா?"

"ஆமா."

"அப்ப நான் வர்றேன்." கணவரைப் பார்த்தார். "ஏங்க, உங்களுக்கு அடிக்கத் தெரியுமா?"

மெத்தை இந்தக் கேள்வியை யாரும் தன்னிடம் கேட்டதில்லை என்பதை அப்போதுதான் கவனித்தார்.

"தெரியும்னு நினைக்கிறேன்," என்றார்.

*

பெரிய வீரர்களுக்கு அறை உண்டு. மெத்தைக்கும் ஒட்டடைக்கும் கொடுத்திருந்தது உடைந்த நாற்காலிகள் போடும் கிடங்கு. போன வாரம் யாரோ வாந்தி எடுத்து, அதன் மேல் பினாயில் ஊற்றி, அதோடு வேலை முடிந்தது என்று போயிருந்தார்கள். எதிரெதிராகச் சண்டை போடப்போகும் இருவரும் ஒரே ஆணியில் சட்டையை மாட்டினார்கள்.

"அண்ணே," என்றார் ஒட்டடை, கையில் துணி சுற்றிக்கொண்டே. "எனக்கும் வேற வழி இல்ல. ரெண்டு பிள்ளைங்க படிக்குது. இன்னும் நாலஞ்சு வருஷம் நான் தோத்தாகணும்."

"தெரியும்."

"அதனால இன்னிக்கி அடிப்பேன்."

"அடி. நானும் அடிப்பேன்."

"கோவிச்சுக்கக் கூடாது."

"கோவம் என்ன இருக்கு? துணிய இன்னொரு சுத்துச் சுத்து, கட்டவிரல் பக்கம் தளந்திருக்கு."

ஒட்டடை இன்னொரு சுற்றுச் சுற்றினார். மூலையில் நின்றிருந்த பிளம்பர் தலையில் அடித்துக்கொண்டார். "எதிராளிக்குக் கை கட்டிவிடுற ஒரே ஆளு உலகத்துலயே நீதான் மாமா."

இவர்கள் சண்டைக்கு ஒதுக்கியிருந்த நேரம் இடைவேளை. சபையில் பாதிப் பேர் கழிவறை வரிசையில் நின்றார்கள். மீதிப் பேர் காகிதப் பொட்டலத்தில் எதையோ வழித்து நக்கிக்கொண்டிருந்தார்கள். அன்று சண்டை இல்லாவிட்டாலும் முதல் வரிசையில் இளஞ்சிங்கம் தங்க நிற மேலங்கியில் உட்கார்ந்து தன்னைத்தானே செல்போனில் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு இரண்டு நாற்காலி தள்ளி மெத்தையின் மனைவி, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி.

மணி அடித்தது.

அதன் பிறகு மேடையில் நடந்ததை எழுத எனக்கு வக்கில்லை. இருந்தாலும் பார்த்தவன் சொல்லித்தான் ஆகவேண்டும். ஒட்டடை முதல் தடவையாகக் கையை முழுதாக நீட்டினார். அந்தக் கை வந்துகொண்டே இருந்தது. மெத்தையின் தலை இருந்த இடத்தில் தலை இல்லை. திரும்பும் கைக்கு அடியிலேயே மெத்தை உள்ளே போய் விலாவில் ஒன்று, தோளில் ஒன்று வைத்துவிட்டு வெளியே வந்தார். கதவைச் சாத்திவிட்டுப் போகிறவர் போல. ஒட்டடை சிரித்தார். மெத்தையும் சிரித்தார். இத்தனை வருஷம் மூடி வைத்திருந்த வித்தையை இரண்டு பேரும் திறந்துவிட்டிருந்தார்கள். ஒருவர் போட்ட கணக்கை மற்றவர் பாதியில் அழித்தார், அழித்த இடத்தில் இவர் புதிதாக ஒன்று போட்டார். இரண்டு மூக்கும் பத்திரமாக இருந்தன. இருவருமே இவ்வளவு காலம் குத்து படாமல் வாழ்ந்தது எப்படி என்பது அன்று மேடை மேல் கண் வைத்திருந்த யாருக்கும் புரிந்திருக்கும்.

கண் வைத்திருந்தவர்கள் மொத்தம் மூன்று பேர் இருக்கலாம். "எப்பப்பா மெயின் சண்டை?" என்று ஒரு குரல் கேட்டது. சங்கச் செயலாளர் பல் குத்தினார். இளஞ்சிங்கம் தலைமுடியைச் சரிசெய்தான். ஒன்பது தடவை தன்னை நிமிர்த்திப் பிடித்த நான்கு கைகளும் பத்தடி தூரத்தில் வேலை செய்துகொண்டிருப்பது அவனுக்குத் தெரியவில்லை.

"தம்பி," என்றார் மெத்தையின் மனைவி. மூன்றாவது ரவுண்டு முடிந்தபோது அவர் மூலைக்கே வந்துவிட்டிருந்தார். "உங்க மாமாவுக்கு இதெல்லாம் தெரியும்னு ஏன்டா எனக்குச் சொல்லல?"

"தெரியுமான்னு நீ கேக்கவே இல்லயேக்கா."

"இவ்வளவையும் வச்சுக்கிட்டா அந்தத் தறுதலைங்ககிட்டத் தோத்தாரு? சீ!"

நான்காவதான கடைசி ரவுண்டில் அது நடந்தது. ஒட்டடையின் வலது கை நீண்டு திரும்ப அரை நொடி தாமதமானது. மெத்தை அந்த அரை நொடிக்குள் புகுந்து இடது கையால் ஈரலுக்கு மேல் ஒரே ஒரு குத்து வைத்தார். சத்தம்கூடப் பெரிதாக இல்லை. ஒட்டடையின் வாய் திறந்தது, மூச்சு போகவும் இல்லை, வரவும் இல்லை. முழங்கால் இரண்டும் மடிந்தன. செய்ய வேண்டியது இனி ஒன்றுமில்லை. ஓரடி பின்னால் வந்தால் போதும். அவர் விழுவார், நடுவர் பத்து எண்ணுவார், பள்ளிக்கூட வேலை கிடைக்கும்.

மெத்தை பாய்ந்துபோய் ஒட்டடையைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"விடுங்க!" என்று கத்தினார் மனைவி. இடைவேளைச் சலசலப்பில் அந்த ஒரு குரல்தான் மேடையை எட்டியது. "ஏங்க! அவர விடுங்க! விழட்டும், விடுங்க!"

மெத்தைக்குக் கேட்டதாகத் தெரியவில்லை. ஒட்டடையின் காதோரம் அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது. "மூச்ச விடு. தரையப் பாக்காத. என் தோளப் பாரு. ஆங்..." நடுவர் வந்து பிரிப்பதற்குள் ஒட்டடைக்குக் கால் திரும்பியிருந்தது. பிரித்ததும் மெத்தை தன் இரண்டு கையையும் பார்த்தார், யாரோ தெரியாதவர்கள் வந்து வைத்துவிட்டுப் போனது போல. மணி அடித்தது.

நடுவர் ஒட்டடையின் கையைத் தூக்கினார். காரணம் கேட்ட பிளம்பரிடம், "கடைசில உங்க ஆளு சோர்ந்துபோய்த் தொங்கினாரேப்பா, பாக்கலையா?" என்றார்.

*

கிடங்குக்கு டாக்டர் வந்தார். இருவர் கண்ணிலும் டார்ச் அடித்தார். ஒரு கீறல் இல்லை. "ரெண்டு பேரும் சும்மா நடிச்சீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஒட்டடை நாற்காலியில் விலாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். ஜெயித்தவரின் முகம் இல்லை அது. "யாருய்யா உன்னப் புடிக்கச் சொன்னது?" என்றார். மரியாதை காணாமல் போயிருந்தது. "நான் கேட்டனா? பிச்ச போடுறியா எனக்கு?"

"சத்தியமா இல்லப்பா. நான் புடிக்கல. கை புடிச்சிருச்சு."

"கைக்கு என்ன தனியா மூளையா?"

"நீ சொல்லு. உனக்கும் அப்படி ஆகாதா?"

ஆகும் என்பது ஒட்டடைக்குத் தெரியும்.

அப்போது பிரமோட்டரும் செயலாளரும் உள்ளே வந்தார்கள். செயலாளர் வாடைக்குக் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார். அனுதாபத்துக்கு வைத்த மாதிரியும் இருந்தது.

"பத்து ஆயிடுச்சு," என்றார். "திங்கக்கிழமை கமிட்டி கூடும். ரத்துதான். எல்லாம் உங்க பாதுகாப்புக்குத்தான், தப்பா எடுத்துக்காதீங்க."

"அதுவரைக்கும் லைசென்ஸ் செல்லும்ல?" என்றார் பிரமோட்டர் அவசரமாக. "அதுக்கு முந்தி சனிக்கிழமையே நம்ம சிங்கத்துக்கு ஒரு சண்டை இருக்கு. பேசிவச்ச ஆளுக்கு மஞ்சக்காமாலையாம். மெத்தை, நீ வந்து நில்லு. உனக்கு இனி போறதுக்குத்தான் ஒண்ணுமில்லயே." எல்லோரும் சிரிக்க வேண்டும் என்று சுற்றிலும் பார்த்தார்.

மெத்தை வழக்கம்போல் தலையாட்டத் தொடங்கினார். ஆனால் பேசியது அவர் மனைவி.

"சார், ஒரு சந்தேகம். சனிக்கிழமை இவர் ஜெயிச்சுட்டா?"

செயலாளர் கைக்குட்டைக்குள் சிரித்தார். "ஜெயிச்சா கணக்கு உடைஞ்சிடும்மா. கமிட்டிக்கு வேலையே இல்ல." பிரமோட்டரும் சிரித்தார். அவர்கள் நெடுநேரம் சிரித்தார்கள். தொப்பை குலுங்கியது. அவ்வளவு நிம்மதியான சிரிப்பை நான் இதுவரை பார்த்ததில்லை, பார்க்கவும் விரும்பவில்லை.

"அப்ப வருவார்," என்றார் மனைவி.

அவர்கள் போனதும் பிளம்பர் கதவைச் சாத்தினார். "மாமா, புள்ளி போட விட்டா அந்த நடுவர் சிங்கத்துக்குத்தான் போடுவான். அவன் விழுந்து எந்திரிக்காம கிடந்தாத்தான் உண்டு."

"விழுவான்," என்றார் மெத்தை. "ஒவ்வொரு தடவையும் விழத்தான் பாக்குறான்."

"அவன் விழுவான்," என்றார் மனைவி. "நீங்க விடுவீங்களா?"

மனைவி தன் கைப்பையை ஆணியில் மாட்டிவிட்டு மெத்தையின் முன்னால் போய் நின்று, கண்ணை மூடிக்கொண்டு முன்பக்கமாகச் சாய்ந்தார். மெத்தை பிடித்துவிட்டார்.

"பாத்தீங்களா?"

"நீ விழுந்தா எப்படிப் புடிக்காம இருக்கிறது?"

"சரி. தம்பி, நீ வா."

பிளம்பர் சாய்ந்தார். மெத்தை பிடித்தார். இன்னொரு தடவை சாய்ந்தார். இந்த முறை மெத்தை கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். கடைசி நொடியில் கை அவிழ்ந்து பிடித்துவிட்டது. மூன்றாவது தடவை முழங்காலால் தாங்கினார்.

"இது வேலைக்காகாது," என்று பிளம்பர் வேர்வையைத் துடைத்தார். "சொந்தக்காரன விட மனசு வராது."

நாற்காலியில் இருந்த ஒட்டடை எழுந்தார். இன்னும் கோபம் போகவில்லை. விலாவில் இருந்து கையை எடுத்துவிட்டு வந்து மெத்தைக்கு நேர் எதிரே நின்றார்.

"அண்ணே, நான் உன் சொந்தக்காரன் இல்ல. இன்னிக்கி உன் சோத்துல மண்ணப் போட்டவன். என்ன நல்லாப் பாரு."

"பாக்குறேன்."

"புடிச்ச, அப்புறம் ஜென்மத்துக்கும் உன்கிட்டப் பேச மாட்டேன்."

அவ்வளவு உயரமான மனிதர் மரம் சாய்வது போலச் சாய்ந்தார். மெத்தையின் கை இரண்டும் எழுந்தன. தோள் துடித்தது. பல்லைக் கடித்தார். கழுத்து நரம்பு புடைத்தது. பிறகு வாழ்க்கையிலேயே கனமான ஓரடியைப் பின்னால் எடுத்து வைத்தார்.

ஒட்டடை தொப்பென்று தரையில் விழுந்தார். பினாயிலும் வாந்தியும் காய்ந்த அந்தத் தரையில் கன்னம் பட்டது. உடைந்த நாற்காலிகள் அதிர்ந்தன. மெத்தை பதறிக் குனிந்தார்.

"தொடாதீங்க," என்றார் மனைவி. "எண்ணுங்க."

எதிராளியைத் தரையில் கிடக்கவிட்டு எண்ணக் கேட்ட பழக்கம் மெத்தைக்கு இல்லை. கீழே கிடந்த ஒட்டடையே கண்ணைத் திறக்காமல் ஆரம்பித்தார்.

"ஒண்ணு," என்றார். "ரெண்டு. சீ, என்ன நாத்தம்யா இது. மூணு."